வாசலில் நின்ற யோசேப்பு

யோசேப்பின் தலை வாசலுக்கு வெளியே கிடந்தது. உடம்பு துண்டு துண்டாகி ஆட்டுக்குட்டிகளின் மேல் சிதறியிருந்தது.

ஞானசுந்தரி டீச்சர் கோபத்தோடு துண்டுகளைப் பொறுக்கினார். களிமண் பொம்மைதான். ஆனாலும் யோசேப்பு உடைபடுவது இது இரண்டாம் முறை. சாயங்காலம் கிறிஸ்துமஸ் ஆராதனை; மலையின் அடுத்த ஊர்க்கூட்டமான ஆலத்தூர் நாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வரப்போகிறார்கள்.

இந்த அரியூர் நாட்டு மலையூர்களில் பாதிப் பேருக்கு எழுத்து வராது. அதனால் வேதக் கதைகளை அவர்கள் கையாலேயே செய்ய வைப்பது என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். ஜெபக் கொட்டகையில் வயல் களிமண்ணைக் குழைத்துக் கொடுத்தார்.

பொடிசுகள் ஆடுகளை உருட்டின. பெண்கள் சாமை வைக்கோலால் குட்டியாக ஒரு மாட்டுத் தொழுவம் வேய்ந்தார்கள்; குமரிகள் டீத்தூள் பொட்டலத்தின் ஈயத்தாளில் நட்சத்திரம் வெட்டினார்கள். ஒட்டகத்தைக் கண்ணாலும் பார்த்திராத சின்னுசாமிக் கிழவர் கழுத்து நீண்ட எருமை ஒன்றைச் செய்துவிட்டு, "ஒட்டகம்னா இப்படித்தானுங்க இருக்கும்" என்று சாதித்தார்.

அத்தனையையும் விட்டுவிட்டு யோசேப்பை மட்டும் எவனோ உடைத்திருக்கிறான்.

"வெள்ளையன்தானுங்க. வெடியால, கோழி கூவறப்ப, இங்கிருந்து போனதைப் பாத்தேன்" என்றாள், தண்ணீர்க்குடத்தோடு வந்த பெருமாயி.

டீச்சர் நினைத்ததும் அவனைத்தான். வெள்ளையனின் பெண்டாட்டி கண்ணாயி, அவனை விட்டுவிட்டு வேறொருவனோடு ஆலத்தூர் நாட்டுக்குப் போனவள். அங்கே மாரி பிறந்தாள். கூட்டிப் போனவன் இருவரையும் கைவிட்டான். போன வாரம் குழந்தையோடு வந்து நின்றவளுக்கு, கொட்டகையை ஒட்டியிருந்த தன் வீட்டில் டீச்சர்தான் இடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து வெள்ளையன் தினமும் வந்து வாசலில் நிற்கிறான். டீச்சரும் தினமும் விரட்டுகிறார். வெட்டத்தான் வருகிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாயி வாயெடுத்தபோதெல்லாம், "நீ பேசாம உள்ள இரு, நான் பாத்துக்கறேன்" என்று அடக்கிவிட்டார். நல்லது செய்கிற அவசரத்தில் இருப்பவருக்குக் காது கொடுக்க நேரம் ஏது?

போன ஞாயிற்றுக்கிழமை பொம்மைகளை அடுக்கியபோது டீச்சர் சொல்லியிருந்தார்: "யோசேப்பு இயேசுவைப் பெத்த அப்பா இல்லை. மரியாளுக்குப் புருஷன், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு யோசேப்பைத் தொழுவத்துக்கு வெளியே ஆட்டுக்குட்டிகளோடு நிறுத்தினார்.

கேட்டவர்கள் திகைத்துப் போவார்கள் என்று பார்த்தார். யாரும் திகைக்கவில்லை.

"தாலி கட்டுனது அவருதானுங்களே? அப்பறமென்னங்க, அப்பன் அவருதானுங்க" என்றாள் பெருமாயி. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கதை புரியவே இல்லை இவர்களுக்கு என்று டீச்சர் எரிச்சலோடு பாட்டுக்குப் போய்விட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளையன் மட்டும் யோசேப்பை முறைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

"டீச்சரம்மா!"

டீச்சர் திரும்பினார். வெள்ளையனேதான். இடுப்பில் கொடுவாள். முழங்கை வரைக்கும் காய்ந்த சேறு. கக்கத்தில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று. கண்கள் சிவந்திருந்தன.

"கண்ணாயி! பிள்ளையத் தூக்கிட்டு உள்ள போ! கதவைத் தாழ்ப்பாள் போடு!" என்று டீச்சர் வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினார். கதவு சாத்தப்பட்டது.

"உடைச்சது நீதானே?" ஆண்கள் யாரையும் 'வாங்க, போங்க' என்றே பேசுகிறவருக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"நான்தானுங்க ஒடச்சேன். மறுக்கா வெச்சா மறுக்காவும் ஒடைப்பேன்!"

"பெண்டாட்டி மேல இருக்கற ஆத்திரத்தைப் பொம்மை மேல காட்டுவியா? பெறாத பிள்ளைய ஏத்துக்கிட்ட மனுஷனைப் பாத்தா உனக்கு வயிறு எரியுதா?"

"எரியுதுங்க! எரியாம என்ன பண்ணும்?" வெள்ளையன் அவருக்கு மேல் கத்தினான். "கட்டுன புருசனைக் கொண்டுபோயி வெளிய ஆட்டோட நிறுத்தி வெச்சிருக்கீங்களே, அவரென்ன பண்ணையாளுங்களா?"

துண்டைப் பிரித்தான். உள்ளே ஒரு புது யோசேப்பு. மூக்கு கோணல், ஒரு காதைக் காணோம். ஆனால் இரண்டு கையாலும் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். வெள்ளையன் அதைத் தொழுவத்துக்குள்ளே, மரியாளுக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்தான்.

டீச்சர் குனிந்து அந்தக் கோணல் மூக்கைப் பார்த்தார்.

"என்னையும் இப்படித்தானுங்க ஒரு வாரமா வாசல்லயே நிறுத்திப் போட்டீங்க." கொடுவாளை இடுப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான். கோபம் மட்டும் இறங்கவில்லை. "எதுக்கு வந்தேன்னு என்னையக் கேட்டீங்களா? வர்றியான்னு அவளையக் கேட்டீங்களா? பொழுது சாயறதுக்குள்ள எம்புள்ளைய நான் ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவோணும். கதவைத் தொறக்கச் சொல்லுங்க!"

டீச்சர் சொல்வதற்கு முன்பே உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கண்ணாயி மாரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, வெள்ளையன் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னப்பா சொல்றே?" டீச்சர் தடுமாறினார். "மாரி உன் பிள்ளை இல்லையே?"

வெள்ளையன் குழந்தையைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அவரை முறைத்தான்.

"தாலி கட்டுனது நான்தானுங்களே?"