வண்டியின் குணம்

தமிழ்ச்செல்வி ஏறி உட்காரக் காலைத் தூக்கியதுதான் தாமதம், வாசலில் படபடத்துக்கொண்டிருந்த புல்லட் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றுபோனது.

"தள்ளி நில்லு தமிழு," என்றார் கண்ணாயிரம். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

உதைத்தார். ஒன்றுமில்லை.

எதிரே மொபெட்டில் உட்கார்ந்திருந்த கோதண்டராமன் மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. தமிழ்ச்செல்வியின் தகரப்பெட்டியை அவருடைய வண்டியில் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது.

"இன்னா கண்ணாயிரம், உன் எருமை மூச்ச வுட்டுச்சா?"

மேஸ்திரி அவள் புருஷனுக்குத் தாய்மாமன். மறைமலைநகரில் கண்ணாயிரம் மூட்டை தூக்குவதும் அவர் கைக்கு அடியில்தான். அவர் பேசி முடித்த கல்யாணம் அது. அது உடைந்தபோது ஒட்டவைக்க வந்தவரும் அவரே.

கோயில் மண்டபத்தில் நாலு பேர் உட்கார்ந்து, ஆம்பளை என்றால் கை நீட்டத்தான் செய்வான், அனுசரித்துப் போகட்டும் என்றார்கள். கண்ணாயிரம் தலையைத் தலையை ஆட்டினார். பெற்றவனே கொண்டுபோய் விட்டால்தான் மரியாதை என்று மேஸ்திரி சொன்னதற்கும் ஆட்டினார். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் மாமல்லபுரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தார்.

இன்று வியாழக்கிழமை. பொழுது பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது.

விளக்கு வைத்துவிட்டால் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பமாட்டார்கள். நாளை வெள்ளி, நாளைக்கும் ஆகாது. நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண்ணை ஆடியில் எவரும் புருஷன் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

ஆகவே, இப்போது கிளம்பினால் உண்டு.

கண்ணாயிரம் உதைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி உதைத்தார்.

ஒவ்வொரு உதைக்கும் தமிழ்ச்செல்வி சைலன்ஸரைப் பார்த்தாள். எடுத்துவிடுமோ, எடுத்துவிடுமோ.

காதில் ரத்தம் வழிய அவள் வந்து சேர்ந்த அதே வாரத்தில்தான் இந்த வண்டியும் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மாமல்லபுரத்து மெக்கானிக்கிடம் விட்டுப்போனது. பை மாட்டுகிற இரும்புச் சட்டம் இரண்டு பக்கமும் இன்னும் இருக்கிறது. பழைய இரும்புக்குப் போக இருந்ததைக் கண்ணாயிரம் ஓட்டிவந்தார். ஓட்டி எங்கே வந்தார், பாதி வழி தள்ளித்தான் வந்தார்.

இதற்கு எல்லாம் தலைகீழ். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஆடு குறுக்கே வந்த அன்றைக்குப் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தி, வண்டியோடு குட்டையில் இறங்கினார். விளக்குக்கு மேலே இருக்கும் மீட்டரில் முள் நடுவுக்கு வராமல் உதைத்தால் திருப்பி உதைக்கும். முழங்காலுக்குக் கீழே தோல் போய்விட்டது. இரண்டாவது கியரில் போட்டால் சில சமயம் எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் நிற்கும்.

அத்தனையையும் அப்பனும் மகளும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள். முள் எங்கே நிற்கிறது பார் தமிழு. சத்தம் ஒரு மாதிரி கேட்கிறது, உனக்குக் கேட்கிறதா தமிழு.

மூன்று மாதமாக அவர் வண்டியைப் பற்றித்தான் பேசினார். காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது வியர்வை தாடையிலிருந்து சொட்டச் சொட்ட உதைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஆத்திரம் வந்தது. அனுப்பிவிடுவதில் இவ்வளவு வேகமா நைனாவுக்கு?

மேஸ்திரியின் செல்போன் அடித்தது. "வந்துகினே கீறோம்டா, அவசரப்படாத," என்று கத்திவிட்டு வைத்தார். பிறகு மொபெட்டை விட்டு இறங்கினார்.

"பேஜாரு புடிச்ச வண்டி. நவுரு, நான் இன்னான்னு பாக்குறேன்."

அப்போதுதான் தமிழ்ச்செல்விக்கு உறைத்தது. இத்தனை உதைத்தால் பெட்ரோல் வாடை மூக்கில் ஏற வேண்டும். துளி வாடை இல்லை.

குனிந்தாள்.

டேங்குக்கு அடியில், இடது பக்கம், பெட்ரோல் குழாயைத் திறந்து மூடுகிற காது குறுக்கே கிடந்தது. மூடியிருந்தது.

தினமும் அதைத் திறந்துவிடுவது அவள்தான். இன்று மத்தியானத்திலிருந்து அவளை வண்டியண்டை அவர் விடவே இல்லை. தானே துடைத்தார். தானே வெளியே தள்ளினார். மேஸ்திரி கண்ணெதிரே தானே கிளப்பி, சூடாகட்டும் என்று ஓடவிட்டார். குழாயை மூடிவைத்தால் உள்ளே தங்கிய பெட்ரோலில் கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் நிற்கும்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண்ணாயிரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார்.

தமிழ்ச்செல்வி ஓரடி நகர்ந்து டேங்கை ஒட்டி நின்றாள். முந்தானையை இழுத்துவிட்டாள்.

"வாணாம் மாமா, கைய சுட்டுக்குவ. இதுக்கு ஒரு கொணம் கீது. ஒருவாட்டி சூடாயி நின்னுட்ச்சின்னா வெடியறமுட்டும் எடுக்காது."

கண்ணாயிரம் கிக்கரிலிருந்து காலை எடுத்தார். முதல் தடவையாக மகளை நேராகப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆமா மேஸ்திரி," என்றார். "அதுங்கொணம் அது."

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, பெட்டியின் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

அந்த வண்டிக்கு அப்படி ஒரு குணம் கிடையாது.