கதவண்ணன் தேர்ந்தெடுத்த திரை

ஒரு பழைய வீட்டில் தெருவைப் பார்த்தபடி ஒரு கதவும் ஜன்னலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யாராவது தட்டினால், வந்திருப்பது யார் என்று ஜன்னல் பார்த்துச் சொல்லும். அதன் பிறகுதான் கதவு திறக்கும்.

ஒருநாள் கதவு சொன்னது: "எதிர்வீட்டு ஜன்னல் உன்னையே பார்க்குது. உனக்குத் திரை போடணும்."

"பார்க்கிறது அதுதானே அண்ணா? அதைப் போட்டுக்கச் சொல்லுங்க."

"அது நம்ம பேச்சைக் கேட்குமா? நீதான் நம்ம வீட்டுப் பிள்ளை."

துணிகள் வந்தன. ஜன்னல் மெல்லிய வெள்ளைத் துணியைக் கேட்டது. கம்பியெல்லாம் தெரியும் என்றது கதவு. ஜன்னல் மஞ்சள் பூப்போட்டதைக் கேட்டது. அது தெருவையே கூப்பிடும் என்றது கதவு. கடைசியில் தடித்த காப்பிக்கொட்டை நிறத் துணியைக் கதவே தேர்ந்தெடுத்தது. அழுக்குத் தெரியாதாம். திரை மாட்ட அடித்த ஆணியைப் பழைய சுண்ணாம்புச் சுவர் இரண்டு முறை கீழே விட்டது. மூன்றாவது முறை ஆணி நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் யாரோ தட்டினார்கள்.

"யாரும்மா அது?"

"தெரியலை அண்ணா. திரைக்குள்ள இருக்கேன்."

"கொஞ்சம் விலக்கிட்டுப் பாரேன்."

"எதிர்வீடு பார்க்குமே."

"ஒரு நிமிஷம்தானே, பரவாயில்லை."

"உங்களுக்கு வேணுங்கிற நேரத்துல மட்டும் அது கண்ணை மூடிக்குமா?"

யாரென்று தெரியாமல் திறக்கக் கதவுக்குத் தைரியம் இல்லை. தட்டியவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

வந்துபோனது யார் என்பதை எதிர்வீட்டு ஜன்னல் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.