இளநிலாவின் வாக்குமூலம்

தங்கை இளநிலாவை அடித்தே கொன்ற அவள் கணவன் செழியனுக்குக் கீழ்க்கோர்ட்டு மூன்று வருடச் சிறைதான் கொடுத்தது. அது போதாது என்று நிறைமதி மேல்முறையீடு செய்தாள். தண்டனையைக் கூட்டுவதற்கு முன் இறந்தவரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். இளநிலா உயிரோடிருந்தபோது போனில் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்து, அவள் குரலையும் மனத்தையும் ஒரு பெட்டிக்குள் உண்டாக்கிச் சாட்சிக் கூண்டில் வைத்திருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இந்தத் தண்டனை போதுமாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"அவர விட்டுருங்கய்யா," என்றது பெட்டி. "தப்பு என் மேலதான். குழம்புல உப்பு கூடிப்போச்சு. அவரு தங்கமான மனுசன்."

அச்சு அசலாகத் தங்கையின் குரல். எதிரே நின்ற செழியன் மெல்லத் தொண்டையைச் செருமினான். உடனே பெட்டி அவசரமாக, "நான் நல்லா இருக்கேன்," என்றது. போனில் தங்கை எப்போதும் சொல்லும் வார்த்தை அது. அப்போதெல்லாம் அவன் பக்கத்திலேயே இருந்திருக்கிறான் என்பது நிறைமதிக்கு இப்போதுதான் உறைத்தது.

அவள் எழுந்தாள். "ஐயா, அந்தாள வெளியில அனுப்பிட்டுக் கேளுங்க."

காவலர்கள் செழியனை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள். நீதிபதி அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

"அக்கா," என்றது பெட்டி, கிசுகிசுப்பாக. "கதவத் தாப்பா போட்டாச்சா?"

நீதிபதி தாமே இறங்கிவந்து தாழ்ப்பாளைப் போட்டார். அதன் பிறகு இளநிலா பேச ஆரம்பித்தாள்.