பன்னிரண்டாம் அறைக்கு இரண்டு சாப்பாடு

பார்கவிக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. ஏறாதா பின்னே? கிச்சன் பட்டியலில் பன்னிரண்டாம் அறைக்கு மூன்று வாரமாகத் தினமும் மதியம் இரண்டு சாப்பாடு போயிருக்கிறது. அந்த அறையில் இருப்பதோ ஜெயரட்ணம் ஒருத்தர்தான். பக்கவாதம் வந்து, கூழாக அரைத்த சாப்பாட்டை மட்டுமே விழுங்கக்கூடிய மனுஷன்.

அப்போ இன்னொரு தட்டு யார் வயிற்றுக்குள் போகிறது?

ரோவில் என்ற ஊரில் உள்ள அந்த முதியோர் இல்லத்தின் டயட்டீஷியன் அவள். டயட் அசிஸ்டன்ட் கோர்ஸ் படிக்கும் இளங்கீரன், அவளிடம்தான் மூன்று வாரப் பயிற்சிக்கு வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது. இன்று கடைசி நாள். அவள் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். திங்கட்கிழமையே இங்கே வேலை. போடாவிட்டால் பழையபடி வேர்ஹவுஸில் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

படிவத்தில் இரண்டே கட்டம். இலக்கு: ஜெயரட்ணத்தின் எடை குறையாமல் பார்த்துக்கொள்வது. விளைவு: இரண்டு கிலோ கூடியிருந்தது.

கூடட்டுமே! அதற்காகத் திருட்டு திருட்டு இல்லையென்று ஆகிவிடுமா?

பன்னிரண்டரை மணிக்குப் படிவத்தோடு போய்க் கதவைத் திறந்தாள். கையும் களவுமாக மாட்டினார். ஜெயரட்ணத்துக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்து, இளங்கீரன் அரைத்த கேரட்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ருசி எப்படி இருக்கு இளங்கீரன்?"

அவர் பதறி எழுந்தார். "மிஸ்..."

"நோயாளி பேரைச் சொல்லி வாங்கிச் சாப்பிடுறீங்களே, வெட்கமா இல்ல? வீட்டுலேர்ந்து கொண்டுவர முடியாதா?"

"கொண்டு வந்தனான் மிஸ். முதல் நாள் என்ர சோத்தைத்தான் இதில இருந்துகொண்டு சாப்பிட்டனான். அங்கிள் அதையே பாத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனம் கேக்கேல்லை. அதுதான் அவருக்குக் குடுக்கிறதையே நானும்... கேட்டால் விடமாட்டியள் எண்டு பயத்தில சொல்லாமல் விட்டிட்டன்."

"கதை விடாதீங்க. இந்தக் கேரட் கூழை ஆசைப்பட்டு யாராவது சாப்பிடுவாங்களா?"

கேட்டுவிட்ட பிறகுதான் பார்கவிக்கே அந்தக் கேள்வி உறைத்தது. அதானே, யார் சாப்பிடுவார்கள்?

"அவரை ஏசாதேங்கோ பிள்ளை," என்றார் ஜெயரட்ணம். அவருடைய தட்டு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

"அவர் சாப்பிட்டா உங்களுக்கு எப்படி அங்கிள் எடை கூடும்? போன மாசம் முழுக்க நானும்தான் சார்ட்டும் கையுமா உங்க பக்கத்துலயே நின்னேன். ரெண்டு ஸ்பூனுக்கு மேல நீங்க வாயே திறக்கல. 'பசியில்லை'ன்னு எழுதி எழுதி எனக்குக் கைதான் வலிச்சுது."

ஜெயரட்ணத்துக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"நல்ல பசிதான் பிள்ளை. ஆனா ஒரு மனுசி வெறும் வயித்தோட முன்னால நிண்டு பாத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் எப்பிடி அள்ளி விழுங்கிறது?"

பார்கவி படிவத்தை அந்த மேசையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தேறாமல் போனது தான்தான் என்று எழுத அதில் கட்டம் இல்லை.