வாசலில் ஒரு மூட்டை

இந்த முறை விடுவதில்லை என்று மேஸ்திரி முடிவு கட்டிவிட்டார்.

ஊரின் துப்புரவு வேலை மொத்தமும் அவர் பொறுப்பு. தெருவில் ஒரு பஸ் டிக்கெட் கிடந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவருக்கு, உள்ளாட்சிகளின் தேசியச் சங்கம் வருடா வருடம் கொடுக்கும் தூய நகரக் கேடயம் இரண்டு முறை கை நழுவிப் போயிருந்தது. நடுவர்கள் வருகிற அன்று காலையில் மட்டும் யாரோ நகராட்சி வாசலில் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள்! முதல் வருடம் அழுகிய தக்காளி. போன வருடம் தலையணைப் பஞ்சு. பெருக்கி முடிப்பதற்குள் நடுவர்கள் வந்து, தும்மிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

சந்தேகமே இல்லை, பக்கத்து ஊர்த் தலைவர் வேலைதான். கேடயத்தைத் தட்டிக்கொண்டு போனதோடு, சங்கத்தின் தேசிய மாநாட்டையும் தன் ஊரிலேயே நடத்திப் பேப்பரில் படம் போட்டுக்கொண்ட மனுஷன். நேற்று தொண்டை கட்டிய குரலில் போன் வேறு.

"மேஸ்திரி, இந்தத் தடவை நீங்கதான் ஜெயிக்கணும். மனசார வேண்டிக்கிறேன்!"

"நக்கலைப் பாத்தியா?" என்று மேஸ்திரி மனைவியிடம் பொருமினார். அவளோ கேடயத்துக்கு இடம் பண்ணுவதற்காக ஷோகேஸ் பொம்மைகளை ஏற்கெனவே பீரோ மேல் ஏற்றியிருந்தாள்.

விடிந்தும் விடியாத நேரம். குப்பை வண்டிக்குப் பின்னால் மேஸ்திரி பதுங்கியிருந்தார். முக்காடு போட்ட உருவம் ஒன்று மூட்டையோடு வந்தது. நாலு பக்கமும் பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்த்தது. பாதி கொட்டியதும் மேஸ்திரி பாய்ந்து கையைப் பிடித்தார்.

"மாட்டினியா! பக்கத்து ஊர்த் தலைவர்தானே அனுப்பினாரு?"

முக்காடு நழுவியது. சொந்த ஊர் நகராட்சித் தலைவி!

"தலைவரம்மா, நீங்களா? நம்ம ஊருக்கு நாமளே..."

"கத்தாதீங்க மேஸ்திரி. போட்டிக்கே வரலைன்னு சொன்னா ஊர் என்னைச் சும்மா விடுமா? கேடயம் வாங்குற ஊர்தான் அடுத்த மாநாட்டை நடத்தணும். அது சங்கத்தோட விதி. எண்ணூறு ஊர்த் தலைவருங்க மூணு நாள் வந்து உக்காருவாங்க. எண்ணூறு பேருக்கும் மைக் வேணும். எல்லாருக்கும் நன்றி சொல்லிச் சொல்லியே பக்கத்து ஊர்க்காரருக்குத் தொண்டை போச்சு. மறுபடியும் தன் தலையில விழுந்துடுமோன்னு மனுஷன் தூங்கறதே இல்லை!"

"அதுக்காக என் கேடயத்தை..." மேஸ்திரிக்குக் கண் கலங்கியே விட்டது.

"சரி, வரட்டும். ஆளுக்கு ரெண்டு தண்ணி பாட்டில், மூணு வேளைப் பொட்டலம், அவங்கவங்க ஊர்ப் பெருமையைச் சொல்ற நோட்டீஸ் ஒரு கட்டு. பெருக்கப்போறது யாரு?"

மேஸ்திரி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். முதல் நாள் மதியத்துக்கு மேல் அவரால் போக முடியவில்லை.

தெருமுனையில் நடுவர்களின் கார் திரும்பியது.

"சீக்கிரம் கொடுங்கம்மா" என்று மூட்டையைப் பிடுங்கி, மீதிப் பாதியை மேஸ்திரியே உதறிக் கொட்டினார்.