துரும்பின் மறுமுனை

வெள்ளைக்காரன் கோர்ட்டு மதுரையில் இருந்தாலும், கிராமத்துத் தாலி வழக்குகள் பஞ்சாயத்துக்குத்தான் வந்தன. தீர்ப்புச் சொல்ல அலங்காநல்லூரிலிருந்து வந்திருந்த மலையாண்டிக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது.

அன்னக்கொடியின் வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. அருகே ஒரு கிழவி. எதிரே, அந்தக் கையை ஒடித்த புருஷன் சிவனாண்டி.

"இந்த ஒருதரம் பொறுத்துப் போ, தாயி" என்றார் மலையாண்டி.

"மூணுதரம் பொறுத்தாச்சுய்யா. அத்துவிட்டுருங்க."

மலையாண்டி கிழவி மீது பாய்ந்தார். "மகளுக்குப் புத்தி சொல்லாம, நீயும் கூட வந்து நிக்கிறியே!"

கிழவி மடியிலிருந்து ஒரு துரும்பை எடுத்து அன்னக்கொடியிடம் நீட்டினாள். அதைச் சபையில் ஒடித்துப் போட்டால் உறவு முறிந்தது என்பது வழக்கம். ஒற்றை இடக்கையில் துரும்பு வளைந்ததே தவிர ஒடியவில்லை. கிழவி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். துரும்பு முறிந்தது.

"பெத்தவ பண்ற வேலையா இது?" என்று கத்தினார் மலையாண்டி.

"நான் பெத்தது இவளை இல்லய்யா." கிழவி சிவனாண்டியைக் காட்டினாள். "அந்தா நிக்கிறானே, அவனை. அவன் அப்பன் என் கையை ஒடிச்சப்ப, துரும்போட இன்னொரு முனையப் பிடிக்க எனக்கு நாதியில்ல."