வீட்டை வரைதல்

கால்வாய்க்கரைக் குடியிருப்பின் சமூகக்கூடத்தில் ஓவியம் கற்பிக்க வந்த இளம்பெண், தாளையும் வண்ணக்கட்டிகளையும் பகிர்ந்தளித்து, "உங்க வீட்டை நீங்களே வரைங்கம்மா," என்றாள். மரகதவல்லி வண்ணக்கட்டியைத் தொடவில்லை. சென்ற முறையும் அதிகாரிகள் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசி வீடுகளைப் படமெடுத்துப் போனார்கள். பின்னாலேயே இடிக்கும் இயந்திரம் வந்து மேலைத்தெருவைத் தரைமட்டமாக்கியது.

"அக்கா, காட்டிக் குடுத்துராத," என்று பக்கத்து வீட்டு ஹசீனா கிசுகிசுத்தாள்.

தெய்வம் உறையும் இடத்தில் கைவைக்க எவரும் அஞ்சுவர் என்று தெளிந்த மரகதவல்லி, தாளில் தன் தகரக்கூரையின்மேல் எழுநிலைக் கோபுரம் எழுப்பிக் கலசமும் சூட்டினாள். அதை ஓரக்கண்ணால் பார்த்த ஹசீனா, தன் வாசலில் இரு மினாராக்களை நிறுத்தினாள்.

ஆசிரியை வியந்தாள். "எவ்வளவு அழகு! இந்தக் கோயில் எங்கம்மா இருக்கு? என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

மரகதவல்லி அவள் கண்களையே உற்று நோக்கினாள்.

"நடை சாத்தியாச்சு, தாயி."